ஹெரால்டு காரும் ஒரு வரலாற்றுப் பாடமும்

மலர்க்குழுவினர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க வரலாறு படிச்சவங்க. மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்" என்றார்கள். கல்லூரியின் வரலாறா என்று கேட்டேன். அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே நான் ஒரு காரின் வரலாற்றை எழுதுகிறேன். எழுபதுகளில் படித்த நண்பர்களுக்கு அந்தக் காரை நன்றாகத் தெரியும். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகள் விழா நாளன்று அதைக் கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில் பார்க்கலாம்.

நான் 1973 முதல் 1976 வரை இங்கே பி.ஏ. வரலாறு படித்தவன். ஆறுமுகநேரியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் வந்து போன கூட்டத்தில் நானும் ஒருவன். அந்நாட்களில் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வெளிர்நீல நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் வருவார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அச்சில் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

இரண்டே கதவு உள்ள வண்டி அது. பின் சீட்டில் உட்கார வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து உள்ளே போக வேண்டும். பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் முன் விளக்குகளும் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும். முதலை வாயைப் பிளந்தது மாதிரி இருக்கும். ரயில் தாமதமாகும் மாலைகளில் சார் அந்த வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு வண்டியைக் காட்டுவார். ஒருநாள் நான் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹிஸ்டரிப் பயலா? பரவால்ல, வா. நல்லா குனிஞ்சு பாரு. மேல தெரியுதே, அது சட்டை. கீழ இரும்புச் சட்டம் ஓடுதே, அதுதான் ஆளு."

அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குப் புரிய ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

தேரும் சாரட்டும்

சார் சொன்னது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. திருச்செந்தூர் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சக்கரம், அச்சு, சிற்பம் செதுக்கிய மரப்பீடம் எல்லாம் ஆண்டு முழுவதும் தேரடியில் அப்படியே நிற்கும். திருவிழா வந்தால்தான் அதன் மேல் மரக்கால்களும் துணியும் தொம்பையும் ஏறும். விழா முடிந்ததும் மேல் அலங்காரம் இறங்கிவிடும். கீழே நிற்பதைத்தான் அப்போதும் நாம் தேர் என்கிறோம்.

குதிரைச் சாரட்டுகளும் இந்த முறையில்தான் அமைந்தன. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி முதலில் குதிரைச் சேணம் செய்தது. பிறகு சாரட்டு கட்டும் தொழிலில் பெயர் பெற்றது. அந்தக் கம்பெனியில் இருந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அது என்று சொல்லப்படுகிறது. மோட்டார் யுகம் வந்தபோது சாரட்டு கட்டிய கைகளே கார்களுக்கும் பாடி கட்டின. சீமையிலிருந்து கப்பலில் என்ஜினும் சக்கரமும் பொருத்திய வெறும் சட்டம் வந்து இறங்கும். வாங்குகிறவரின் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்ப மேற்கூட்டை இங்கே செய்து பூட்டுவார்கள். ஜமீன்தாருக்கு ஒரு பாடி, டாக்டருக்கு ஒரு பாடி. இரண்டுக்கும் அடியில் ஒரே வகைச் சட்டம் இருக்கும்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு இதே வேலையை வேகப்படுத்தினார். 1913-இல் அவருடைய ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் சட்டம் வரிசையாக நகர்ந்து வரும். மாடல் டி காரின் பாடியை ஒரு சரிவுப் பலகை வழியே அதன் மேல் இறக்கிப் பொருத்துவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் இன்றும் அழியவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலில் வெறும் லேலண்டு சேஸை ஓட்டிக்கொண்டு போகும் டிரைவர்களை நெடுஞ்சாலையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரூர்ப் பக்கம் போய் பாடி கட்டிக்கொண்டு அது பஸ்ஸாகத் திரும்பி வரும்.

ஹெரால்டு ஏன் துண்டு துண்டாகப் பிறந்தது?

கார்களில் மட்டும் இந்த முறை மெல்ல மாறியது. 1922-இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டாவும், 1934-இல் பிரான்சின் சிட்ரோயன் டிராக்ஷன் அவான்ட்டும் தனிச் சட்டம் இல்லாமல் வந்தன. பாடியே சட்டத்தின் வேலையையும் செய்தது. நமக்குப் பழக்கமான அம்பாசடரும் ஃபியட்டும் அந்த வகைதான். தனியாகக் கழற்றி எடுக்க அவற்றின் அடியில் ஒரு முழுச் சட்டம் கிடையாது.

அப்படியிருக்க, 1959-இல் இங்கிலாந்தில் புதிதாக வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு ஏன் பழைய முறைக்குத் திரும்பியது? இங்கேதான் வரலாறு படித்தவனுக்கு வேலை வருகிறது.

ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் நிறுவனம். 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதை விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த புதிய காருக்கு முழு பாடி அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. வெவ்வேறு பட்டறைகளில் பாடியைப் பகுதி பகுதியாகச் செய்துகொண்டு, ஒரு வலுவான சட்டத்தின் மேல் போல்ட் போட்டுச் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் அதற்குப் பொறுப்பேற்றார். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அறிமுக விழாவில் ஒரு ஹெரால்டை மேடையிலேயே சில நிமிடங்களில் பூட்டிக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் செய்ததையே பெருமையாக மாற்றிக்கொண்டார்கள் எனலாம். ஹெரால்டின் முன் பாடி தனி, பின் பாடி தனி, கூரை தனி. எல்லாம் போல்ட்டில் சேர்வன. என் கட்டுரையின் அச்சாணி இதுதான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளில் உதிரிபாகங்களாக வரவழைத்துப் பூட்டுவதற்கு இந்த அமைப்பு வசதியாக இருந்தது. நம் சென்னைக்கு வெளியே, வண்டலூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையோரம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. முன்பு வான்கார்டு காரைத் தந்த அந்த நிறுவனம், 1961 முதல் 948 சி.சி. என்ஜினுடன் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தந்தது. போகப் போக உள்நாட்டுப் பாகங்கள் கூடின. அறுபதுகளின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்தில்கூட அது கிடையாது. பின்னர் கெஸல் வந்தது, எண்பதுகளில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, அத்துடன் கார் உற்பத்தி நின்றுபோனது. சாரின் வண்டி 1964-ஆம் ஆண்டு மாடல். தமிழ்நாட்டில் பூட்டப்பட்ட கார் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

உப்புக்காற்று

சார் ஓய்வுபெற்று, 1994-இல் மகனோடு வெளியூர் போனார். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "விக்காதே. ஓட்டு. ஓட்ட முடியலேன்னா பத்திரமா வச்சுக்கோ" என்றார். நான் மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். பத்திரமாக வைத்துக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறுமுகநேரியைத் தெரிந்தவர்களுக்கு உப்பளங்களைத் தெரியும். அந்த வெயிலும் காற்றும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. இரும்புக்கு அவையே எமன். "எங்க ஊர்ல சுவத்துல ஆணி அடிச்சா, மறு வருஷம் ஆணி இருக்காது, ஓட்டைதான் இருக்கும்" என்று விளையாட்டாகச் சொல்வோம். காரணம் எளிது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் ஒன்று படியும். அதில் மின்னோட்டம் எளிதாகப் பாயும். துரு பல மடங்கு வேகத்தில் பிடிக்கும். காரின் சட்டமோ உள்ளே கூடாக இருக்கும் பெட்டி இரும்பு. ஈரம் உள்ளே புகுந்தால் வெளியே வர வழியில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்.

1997-இல் தரைத்தகடு ஓட்டையாகிவிட்டது என்று வண்டியைப் பட்டறைக்கு விட்டேன். அவர்கள் பாடியைத் தூக்கிச் சட்டத்திலிருந்து பிரித்தார்கள். அதோடு வேலை நின்றது. வேலை தெரிந்த மெக்கானிக் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். பாடியை என் வீட்டு முற்றத்தில் நான்கு செங்கல் அடுக்கின் மேல் வைத்தேன். சட்டத்தை உப்பளப் பக்கம் இருந்த கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினேன். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பது இருபத்தாறு வருஷமாக ஓடியது. 2009-இல் சார் காலமானார். கடைசியாகப் பேசியபோதுகூட, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றேன். அந்தப் பொய் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளம் வடிந்து நான்கு நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனேன். சட்டம் முழங்கால் அளவு சேற்றில் கிடந்தது. கையால் சேற்றை வழித்தபோது இரும்பு தட்டுப்பட்டது. அன்றைக்கே தூத்துக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பனைக் கூப்பிட்டேன். அவனும் நம் கல்லூரிதான், இயற்பியல். சாரின் நேரடி மாணவன்.

வேறு சட்டம் வேண்டாம்

நண்பன் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். நல்ல இடத்தில் மணி ஓசை. கெட்ட இடத்தில் 'தொப்' என்றது. நடுவில் ஓடும் இரண்டு பிரதான உத்தரங்களும் பெரும்பாலும் நன்றாக இருந்தன. பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் வேறொரு ஹெரால்டின் நல்ல சட்டம் விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. விலையும் குறைவு. "வாங்கிப் போட்டுட்டு ஜோலியைப் பாருங்க" என்று பலர் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான். நண்பன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டான்.

"ஏல, இதுல என்ஜின் நம்பர்னு ஒரு இடம் இருக்கு. சேஸ் நம்பர்னு ஒரு இடம் இருக்கு. பாடி நம்பர்னு எங்கயாவது இருக்கா? சட்டத்தை மாத்திட்டேன்னா, சாரோட சட்டையை வேற ஆளுக்கு மாட்டுன மாதிரிதாம்லே."

சட்டமும் அவன் பக்கம்தான். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளை அறிவித்தது. ஐம்பது ஆண்டு கடந்த கார்களும் இருசக்கர வாகனங்களும் அவற்றின் மூல வடிவத்தில் பேணப்பட்டிருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு எண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சேஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடப் பயணத்துக்கும் ஓட்டக் கூடாது. இது கண்காட்சிக்கான சலுகைதான் என்றாலும், அந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய பொருள் என்று மதிப்பு கேட்டால், அது பழைய பொருளாகவே இருக்க வேண்டும்.

நாங்கள் பழைய சட்டத்தையே செப்பனிட்டோம். சேறும் துருவும் நீக்கி, உதிர்ந்த கைகளை வெட்டி, அதே கனத் தகட்டில் புதிதாகச் செய்து வெல்டிங் வைத்தோம். வெல்டிங் சூட்டில் இரும்பு கோணும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் அளக்க வேண்டியிருந்தது. இதற்கு வழிகாட்டியவர் தூத்துக்குடியில் தோணி கட்டிய ஒரு வயதான ஓடாவி. "ஐயா, கார் வேலை" என்று தயங்கினோம். "எதுவா இருந்தா என்ன? மொதல்ல ஏரா நேரா இருக்கான்னு பாரு. பலகையைப் பொறவு பாக்கலாம்" என்றார். ஏரா என்பது தோணியின் அடிமரம். சட்டத்தை ஆப்பு வைத்து மட்டம் பார்த்து நிறுத்தச் சொன்னார். தூக்குக்குண்டு விட்டுப் புள்ளிகளைத் தரையில் குறித்தோம். வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கும், இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கும் அளந்தோம். இரண்டும் ஒன்றாக வந்தால் சட்டம் கோணவில்லை என்று பொருள். கொத்தனார்கள் வீட்டுக்கு வாணம் தோண்டும்போது பார்க்கும் அதே கணக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரு பக்கமும் தொண்ணூற்று ஒன்றரை அங்குலம் வந்த அன்றுதான் நண்பன் டீ குடிக்க ஒப்புக்கொண்டான்.

அரை அங்குலம்

2025 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடியின் கதவு வாசல்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு கொடுத்து, கோணாமல் இறுக்கியிருந்தோம். எட்டுப் பேர் சப்பரம் தூக்குகிற மாதிரி பிடித்துக்கொள்ள, செயின் பிளாக்கில் பாடி இறங்கியது. முன்பக்கத் துளைகள் நேராக உட்கார்ந்தன. பின்பக்கம் பார்த்தால் அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. தூக்கினோம், இறக்கினோம், மறுபடி தூக்கினோம். அதே அரை அங்குலம்.

டிங்கர் தம்பி சொன்னார்: "அண்ணாச்சி, துளையைக் கொஞ்சம் பெருசாக்கிட்டு பெரிய வாஷர் போட்டுருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் பொருந்தாததை போல்ட் போட்டு இழுத்தால் சட்டமும் பாடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கும். கதவு மூடாது, கண்ணாடி விரிசல் விடும், ரப்பர் மெத்தைகள் வைத்தும் பயன் இருக்காது. தவறு எங்கே என்று யோசித்தோம். சட்டத்தின் அளவு சரி. ஆக, கோணியது பாடிதான். ஹெரால்டு பாடிக்குத் தனியாக நிற்கும் உறுதி கிடையாது. சட்டத்தின் மேல் உட்கார்ந்தால்தான் அதற்கு விறைப்பு. நான் அதைத் தாங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, எனக்குத் தோன்றிய இடத்தில் செங்கல் வைத்து இருபத்தாறு வருடம் விட்டிருந்தேன். நடுவில் தொய்ந்துவிட்டது. அந்த அரை அங்குலம் என்னுடையது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஃபிஷர் அண்ட் லட்லோ கதை நினைவுக்கு வந்தது. முழுப் பாடி கிடைக்காததால்தானே இந்த வண்டியைத் துண்டுகளாகச் செய்தார்கள்? துண்டுகளாகப் பிறந்ததை நாம் ஏன் முழுசாகத் தூக்கி வைத்து மல்லுக்கட்டுகிறோம்? விடிந்ததும் நண்பனுக்குப் போன் செய்தேன். முன் பாடியையும் பின் பாடியையும் சேர்க்கும் போல்ட்டுகள் பின் சீட்டுக்கு அடியில் வரிசையாக இருக்கின்றன. துருவில் அவை ஒன்றோடொன்று இறுகி, ஒரே தகடு போலத் தெரிந்ததால் நாங்கள் கவனிக்கவே இல்லை.

மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கூரையையும் இறக்கினோம். முன் பாதியை அதன் துளைகளில் உட்கார வைத்தோம். பின் பாதியை அதன் துளைகளில் உட்கார வைத்தோம். இரண்டும் தத்தம் இடத்தில் அமர்ந்த பிறகு நடு இணைப்பைப் பார்த்தால், ஓர் ஓரத்தில் மட்டும் நூலளவு இடைவெளி. மெல்லிய தகடு ஒன்று வைத்ததும் போல்ட்டுகள் கையாலேயே உள்ளே போயின. கடைசியில் கூரை. பிறகு கதவை மாட்டி, நண்பன் ஒரு விரலால் தள்ளினான். 'டக்' என்று மூடியது. சார் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது வேப்பமரத்தடியில் கேட்கும் அதே சத்தம். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஹிஸ்டரி படிச்சு என்னலே கிழிச்சேன்னு உன்னைய கேலி பண்ணிருக்கேன்லா? வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றான் நண்பன்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு பொருளைச் செப்பனிட வேண்டுமானால், அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். 1953-இல் எங்கோ நடந்த ஒரு கம்பெனி விற்பனை, 2025-இல் ஆறுமுகநேரியில் அரை அங்குலத்தைச் சரிசெய்தது. பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. யாராவது உங்களை நம்பி எதையாவது கொடுத்திருந்தால், அடுத்த வருஷம் என்று தள்ளாதீர்கள்.

விழா நாளன்று ஹெரால்டு வேப்பமரத்தடியில் நிற்கும். பானெட்டைத் திறந்தே வைக்கிறேன். பெயின்ட்டைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் குனிந்து கீழேயும் பாருங்கள். சேற்றிலிருந்து எடுத்த சட்டம் அங்கே இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி!